படம் பார்க்க மானிட்டர்: கறுப்பு எவ்வளவு கறுப்பு?

அமாவாசையை ஒட்டிய ராத்திரியில் குமரி மாவட்டத்து முட்டம் பாறை மேல் நின்று கடலைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். வானம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. எல்லாம் ஒரே கறுப்பு. அதற்குள் அங்கங்கே மீன்பிடிக்கப் போன வள்ளங்களின் விளக்கு, குத்தி வைத்த மாதிரி பளிச்சென்று நிற்கும். அதே வள்ளம், அதே விளக்கு, பௌர்ணமி அன்று பாருங்கள். மங்கிப்போய் இருக்கும். விளக்கு மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த இருட்டு போய்விட்டது.

வீட்டில் படம் பார்க்க மானிட்டர் வாங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த ஒரு விஷயத்தைத்தான். இதற்குக் கான்ட்ராஸ்ட் என்று பெயர். திரையால் காட்ட முடிந்த மிகப் பிரகாசமான வெள்ளை, அதனால் காட்ட முடிந்த மிகக் கறுத்த கறுப்பைவிட எத்தனை மடங்கு வெளிச்சம் என்பதுதான் கான்ட்ராஸ்ட் விகிதம். பெட்டியின் மேல் 4கே (திரையில் எத்தனை புள்ளி), 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படும்), ஹெச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் முறை) என்று பெரிய எழுத்தில் இருக்கும். கான்ட்ராஸ்ட் எண் பெரும்பாலும் பின்பக்கம், பொடி எழுத்தில் கிடக்கும். படம் பார்ப்பவருக்கு அந்தப் பொடி எழுத்துதான் முக்கியம்.

இதை எழுதத் தூண்டியவன் தக்கலையில் இருக்கும் என் மருமகன், அக்கா மகன். போன வருஷம் நாகர்கோவிலில் 27 இஞ்ச் மானிட்டர் ஒன்று வாங்கினான். ராத்திரி வேலை முடிந்ததும் மலையாளப் படம் பார்ப்பது அவன் வழக்கம். மலையோரம், மழை, டார்ச் வெளிச்சத்தில் ஆள் தேடுவது மாதிரியான படங்கள். ஒரு மாதம் கழித்து போன் பண்ணினான். “மாமா, ராத்திரி சீன் வந்தா திரை முழுக்கச் சாம்பல் பூசின மாதிரி இருக்கு. ஆளு முகமே தெரிய மாட்டேங்கு. மானிட்டர் கேடா இருக்குமோ?”

போய்ப் பார்த்தேன். மானிட்டரில் ஒரு கேடும் இல்லை. விளையாட்டுக்கும் ஆபீஸ் வேலைக்கும் அருமையான மானிட்டர். ஆனால் இருட்டைக் காட்டுவதில் மட்டும் அது பலவீனமான வகை. வாங்கும்போது அவனும் அதைக் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை.

சாம்பல் எங்கிருந்து வருகிறது

சாதாரண எல்சிடி மானிட்டரில் திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். அதன் முன்னால் லட்சக்கணக்கான குட்டிக் கதவுகள். திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் அப்படி ஒரு கதவுதான். வெள்ளை வேண்டுமென்றால் கதவு திறக்கும், கறுப்பு வேண்டுமென்றால் மூடும். கதவு மூடும்போது பின்னாலுள்ள விளக்கு அணைவதில்லை, இதுதான் விஷயம்.

பழைய ஓட்டு வீட்டின் பலகைக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ட்யூப் லைட் எரிய, கதவைச் சாத்திவிட்டு முற்றத்தில் நின்றால் இடுக்கு வழியாக வெளிச்சம் கசிவது தெரியும். பகலில் அது கண்ணில் படாது. முற்றம் இருட்டானால்தான் படும். மருமகன் கண்ட சாம்பல் அந்தக் கசிவுதான்.

கதவு எவ்வளவு நன்றாக மூடுகிறது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. கடைகளில் அதிகம் கிடைப்பது ஐபிஎஸ். வழக்கமான ஐபிஎஸ் திரையின் கான்ட்ராஸ்ட் 1000:1 அளவில் இருக்கும். அடுத்தது விஏ. இதில் மின்னழுத்தம் கொடுக்காத நிலையில், கதவாக வேலை செய்யும் திரவப் படிகங்கள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கும். அந்த நிலையில் ஒளியை அடைப்பது நன்றாக நடப்பதால் 3000:1, சிலவற்றில் அதற்கும் மேல் கிடைக்கும்.

வெள்ளை 250 நிட்ஸ் பிரகாசத்தில் எரிகிற இரண்டு மானிட்டர்களை எடுத்துக்கொள்வோம். நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு. ஐபிஎஸ்ஸின் “கறுப்பு” உண்மையில் 0.25 நிட்ஸ் வெளிச்சம். விஏயின் கறுப்பு 0.08 அளவு. எண்ணாகப் பார்த்தால் இரண்டும் சின்னதுதான். ஆனால் விளக்கணைத்த அறையில் கண் இருட்டுக்குப் பழகியபின் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்த அந்தக் கசிவு பெரிய வித்தியாசம். மழையில் நிற்கும் ஆளின் கறுப்புச் சட்டை பின்னாலுள்ள இருட்டிலிருந்து பிரிந்து தெரிவதும், இரண்டும் ஒரே சாம்பல் சேறாகக் கலந்துவிடுவதும் இங்கேதான் தீர்மானமாகிறது.

மூன்றாவது வகை ஓஎல்இடி. இதில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி அகல் விளக்கு மாதிரி தானே எரியும், தானே அணையும். கறுப்பு வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்தே போவதால் கசிய எதுவும் இல்லை. நான் சொன்ன அமாவாசைக் கடலை அப்படியே காட்டக்கூடியது இது ஒன்றுதான். விலை இன்னும் அதிகம். ஒரே படம் மணிக்கணக்கில், மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் அதன் தடம் திரையில் பதிந்துவிடும் அபாயமும் உண்டு. பகல் முழுக்க எக்செல் திறந்து வைத்து வேலை செய்கிறவர், ராத்திரி படமும் அதிலேயே பார்க்க நினைத்தால் இதை யோசிக்க வேண்டும். படத்துக்கு மட்டும் என்றால், கையில் பணமும் இருந்தால், தயங்க வேண்டாம்.

இடையில் மினி எல்இடி என்று ஒன்று வருகிறது. பின்விளக்கை நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரித்து, இருண்ட இடத்தில் இருக்கும் பகுதியை மட்டும் மங்க வைப்பார்கள். சாதாரண எல்சிடியைவிட எவ்வளவோ மேல். ஆனால் வள்ளத்து விளக்கு மாதிரி ஒற்றைப் புள்ளி வெளிச்சம் வரும்போது அதைச் சுற்றிப் புகை வட்டம் போலத் தெரியலாம், ஏனென்றால் ஒரு பகுதி பல ஆயிரம் புள்ளிகளுக்குப் பொதுவானது.

ஒரு எச்சரிக்கை. சில பெட்டிகளில் கான்ட்ராஸ்ட் பத்து லட்சத்துக்கு ஒன்று, கோடிக்கு ஒன்று என்றெல்லாம் போட்டிருக்கும். அதன் முன்னால் டைனமிக், மெகா போன்ற சொல் ஏதாவது ஒட்டியிருக்கும். காட்சிக்கேற்ப மொத்தப் பின்விளக்கையும் ஏற்றி இறக்கிக் கணக்குக் காட்டும் எண் அது. ஒரே காட்சிக்குள் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அது சொல்லாது. நேட்டிவ், ஸ்டாட்டிக், டிபிகல் என்ற சொற்களுக்கு அருகில் இருக்கும் எண்ணைத் தேடுங்கள். “ஹெச்டிஆர் 400” முத்திரைக்கும் இதே கதி. 400 நிட்ஸ் வெளிச்சம் எட்டும் என்பதற்கு அது உறுதி தரும், பின்விளக்கைப் பகுதி பகுதியாக அணைக்கும் வசதி இருந்தாக வேண்டும் என்று அந்த முத்திரை கேட்பதில்லை. தியேட்டர் திரையின் வெள்ளைக்கு வகுத்திருக்கும் அளவே 48 நிட்ஸ்தான். அங்கே படம் நம்மை இழுப்பது அரங்கின் இருட்டால்.

அப்படியானால் எல்லோரும் விஏ வாங்கலாமா

வாங்கலாம், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு: எத்தனை பேர் பார்ப்பீர்கள்?

விஏக்கு ஒரு குறை உண்டு. நேர் எதிரே உட்கார்ந்தால் கறுப்பு ஆழமாக இருக்கும். பக்கவாட்டில் நகர்ந்தால் அந்த ஆழம் வெளிறும், முகத்தின் நிறமும் கொஞ்சம் மாறும். மேசை முன்னால் ஒருவர், அல்லது நெருங்கி உட்கார்ந்த இருவர் என்றால் இது பிரச்சினையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பாய் விரித்து, ஒருவர் சுவரோரம் சாய்ந்து, ஒருவர் படுத்துக்கொண்டு, பிள்ளைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பார்ப்பது உங்கள் வீட்டு வழக்கம் என்றால், ஓரத்தில் இருப்பவருக்கு ஐபிஎஸ்தான் நியாயம் செய்யும். 2000:1 வரை தரும் புதிய ஐபிஎஸ் திரைகளும் வந்திருக்கின்றன. கிடைத்தால் அது நல்ல நடுவழி.

உண்மையில் அப்படிப்பட்ட வீட்டுக்கு மானிட்டரைவிட டிவி வாங்குவதே சரி என்பது என் கருத்து. காரணம் தூரம். படத்துக்குள் நாம் இருப்பதுபோல் தோன்ற, திரையின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் உட்கார வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். 27 இஞ்ச் மானிட்டரின் அகலம் சுமார் 60 செ.மீ. அப்படியானால் மூன்று முதல் நான்கு அடி. 32 இஞ்ச் என்றால் அகலம் 71 செ.மீ., தூரம் மூன்றரை முதல் நாலேமுக்கால் அடி. கட்டிலில் படுத்து ஏழடி தள்ளிப் பார்க்கிறவருக்கு இரண்டுமே சின்னது. அவருக்கு 50 இஞ்சுக்கு மேல் வேண்டும், அது டிவியின் வேலை. மானிட்டர் என்பது மேசையில், கைக்கு எட்டும் தூரத்தைவிடக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து ஒருவரோ இருவரோ பார்ப்பதற்கானது. வாங்குமுன் ஒரு அளவு நாடாவை எடுத்து, நாற்காலியிலிருந்து சுவர் வரை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

தூரம் தெரிந்தால் 4கே, அதாவது 3840 × 2160 புள்ளிகள், வேண்டுமா என்ற கேள்வியும் பாதி தீர்ந்துவிடும். 27 இஞ்ச் ஃபுல் ஹெச்டி (1920 × 1080) திரையில் ஒரு புள்ளியின் அகலம் 0.31 மி.மீ. மூன்றரை அடி தள்ளி உட்கார்ந்தால் சாதாரணக் கண்ணுக்கு அந்தப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. இரண்டடியில் உட்கார்ந்து எழுத்து வேலையும் பார்ப்பவர் 2560 × 1440 எடுக்கட்டும். 32 இஞ்சுக்கும் அதுதான் பொருத்தம். பல ஓடிடி தளங்கள் கணினி பிரௌசரில் 4கே தருவதே இல்லை. பல தியேட்டர்களில் ஓடுவது 2048 புள்ளி அகலமுள்ள 2கே புரொஜெக்டர்தான். ஒரே பட்ஜெட்டில் 4கே ஐபிஎஸ்ஸும் 1440 விஏயும் எதிரெதிரே நின்றால், படத்துக்காக நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

மேலும் கீழும் வரும் பட்டை

நம் படங்களில் நிறைய, சினிமாஸ்கோப் அளவில், அதாவது உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலத்தில் எடுக்கப்படுகின்றன. மானிட்டரோ 16:9, அதாவது 1.78 மடங்கு. படத்தை அகலத்துக்குப் பொருத்தினால் மேலும் கீழும் இடம் மிஞ்சும். 27 இஞ்ச் திரையில் அது மேலே 4.3 செ.மீ., கீழே 4.3 செ.மீ. மொத்தத் திரையில் கால்வாசி. இந்தக் கால்வாசியும் படம் முடியும்வரை கறுப்பாகவே இருக்க வேண்டும். கசிவுள்ள திரையில் அது இரண்டரை மணி நேரமும் சாம்பல் நாடாவாக ஒளிர்ந்துகொண்டிருக்கும். நல்ல கறுப்புள்ள திரையில் இருட்டறையோடு கலந்து மறைந்துபோகும். கான்ட்ராஸ்டை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

21:9 அளவில் வரும் நீள மானிட்டரில் ஸ்கோப் படம் ஏறக்குறைய முழுத்திரையையும் நிரப்பும், பார்க்க ஆசையாகவே இருக்கும். ஆனால் கிரிக்கெட், யூடியூப், பெரும்பாலான தொடர்கள் எல்லாம் 16:9. அவற்றுக்கு இடமும் வலமும் பட்டை வரும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு இன்னும் அகலமான பட்டை. படம் மட்டுமே பார்க்கும் தனி ஆளுக்குச் சரி.

ஹெர்ட்ஸ் பற்றிச் சுருக்கமாக. பேசும்படம் வந்த காலம் முதல் சினிமா நொடிக்கு 24 சட்டங்களாகவே (ஃப்ரேம்) ஓடுகிறது. சாதாரண மானிட்டர் நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும். 60ஐ 24ஆல் வகுத்தால் இரண்டரை. அரைமுறை காட்ட முடியாது, அதனால் ஒரு சட்டம் இரண்டு முறை, அடுத்தது மூன்று முறை என்று மாற்றி மாற்றிக் காட்டும். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைக் கேமரா மெதுவாக ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நகர்வில் ஒரு மெல்லிய திக்கல் தெரியும். 120 ஹெர்ட்ஸ் என்றால் ஒவ்வொரு சட்டத்துக்கும் சரியாக ஐந்து முறை, 144 என்றால் ஆறு. உங்கள் மானிட்டர் 165 காட்டக்கூடியது என்றாலும், படம் பார்க்கும்போது அமைப்பில் 120 என்று மாற்றி வையுங்கள். அதற்கு மேல் உள்ள ஹெர்ட்ஸும், 1 மில்லிசெகண்ட் என்ற விளம்பரமும் விளையாடுகிறவர்களுக்கானவை.

அறையும் மானிட்டரின் பாகம்தான்

பத்மநாபபுரம் அரண்மனையின் கறுப்புத் தரையைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மாதிரி மின்னும், சாளரத்தின் வெளிச்சம் அப்படியே அதில் கிடக்கும். பளபளப்பான மேற்பரப்புள்ள மானிட்டரும் அப்படித்தான். அறை இருண்டிருந்தால் கறுப்பு அற்புதமாக இருக்கும், எதிரே ஜன்னல் திறந்திருந்தால் படத்தில் ஜன்னல்தான் தெரியும். நம் பக்கம் வெயில் கடுமை, தென்னந்தோப்புக்குள் வீடு இருந்தாலும் பகல் வெளிச்சம் உள்ளே வந்துவிடும். மேட் மேற்பரப்பு ஜன்னல் பிம்பத்தைக் கலைத்து மங்கவைக்கும், ஆனால் விழுகிற வெளிச்சம் திரை முழுக்கப் பரவுவதால் கறுப்பு வெளிறும். எந்த மேற்பரப்பானாலும் பகல் வெளிச்சத்தில் விஏயின் மேன்மையும் ஓஎல்இடியின் மேன்மையும் பெரும்பாலும் அடிபட்டுவிடும். ஆகவே மானிட்டர் வாங்குவதற்கு முன்பே கெட்டித் துணியில் ஒரு ஜன்னல் திரை வாங்குங்கள். மானிட்டருக்கு எதிரே ஜன்னல் வராதபடி மேசையைத் திருப்பிப் போடுங்கள்.

மருமகன் புது மானிட்டர் வாங்கவில்லை. நாங்கள் செய்தது மூன்று காரியம். கடையிலிருந்து வந்தபடியே உச்சத்தில் கிடந்த பிரகாசத்தை மூன்றில் ஒரு பங்குக்கு இறக்கினோம். பின்விளக்கு மங்கினால் கசிவும் அதே விகிதத்தில் மங்கும். நிற அமைப்பை, நிறங்களைத் தூக்கிக் காட்டும் விவிட் என்பதிலிருந்து, இயல்பான நிறம் தரும் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றினோம், முகங்களில் இருந்த ஆரஞ்சுப் பூச்சு போனது. மானிட்டருக்குப் பின்னால் சுவரில் படும்படி ஒரு மங்கலான வெள்ளை விளக்கு வைத்தோம். முழு இருட்டில் கண்ணின் பாப்பா அகல விரிவதால்தான் சின்னக் கசிவும் பெரிதாகத் தெரிகிறது. சுவரில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் கண் அவ்வளவு விரியாது, திரையின் கறுப்பு அதன் பக்கத்தில் கறுப்பாகவே தோன்றும். அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “இப்பம்தான் மக்கா படம் மாதிரி இருக்கு” என்றாள்.

சத்தத்தை மறக்காதீர்கள். நிறைய மானிட்டர்களில் ஸ்பீக்கரே இருக்காது, இருந்தாலும் பேருக்குத்தான். மெல்லப் பேசும் மலையாளப் படத்தின் வசனம், ஆடிச் சாரல் ஓட்டில் விழும் ராத்திரியில் அதில் கேட்காது. ஹெட்போன் துளை இருக்கிறதா என்று பார்த்து, தனி ஸ்பீக்கருக்குப் பணம் ஒதுக்குங்கள். மானிட்டருக்கு ரிமோட்டும் செயலிகளும் பொதுவாகக் கிடையாது. கணினி இல்லாமல் பார்க்க வேண்டுமென்றால் ஓடிடி பார்க்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை ஹெச்டிஎம்ஐ துளையில் செருகலாம், அப்போதும் தனி ஸ்பீக்கருக்குச் சத்தம் போகப் பெரும்பாலும் அந்த ஹெட்போன் துளைதான் வழி.

குளச்சல், மணக்குடி, சின்னமுட்டம் மாதிரிக் கடலை ஒட்டி வீடு உள்ளவர்கள், கடலைப் பார்த்த ஜன்னல் பக்கம் மானிட்டரை வைக்காதீர்கள். உப்புக்காற்று முதலில் அரிப்பது பின்னாலுள்ள உலோகத் துளைகளை. திரையில் படியும் உப்பை ஈரத்துணியால் அழுத்தித் தேய்க்காமல், மெல்லிய மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானம் தாண்டி இடி உருளத் தொடங்கினால் படத்தைப் பாதியில் நிறுத்தத் தயங்காதீர்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும், இணைய வயரையும் சேர்த்து. மின்னல் அந்த வழியாகவும் வரும். ஸ்பைக் கார்டு சின்ன ஏற்ற இறக்கத்தைத் தாங்கும், மின்னலைத் தாங்காது.

கடையில் பார்ப்பதென்றால், அங்கே எரியும் அத்தனை விளக்குக்கு நடுவே எல்லா மானிட்டரும் அழகாகத்தான் தெரியும். அவர்கள் ஓட விடுவதும் பூ, கிளி, பழம் என்று வெளிச்சமான படங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு படத்தின் ராத்திரிக் காட்சியை லேப்டாப்பில் கொண்டுபோய் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். “அண்ணே, இந்தப் பக்கத்து லைட்டைக் கொஞ்சம் அணைக்க முடியுமா” என்று கேட்பதில் தப்பில்லை. நேரே நின்று பாருங்கள், பிறகு இரண்டடி தள்ளி நின்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே இன்னொரு சோதனை. அறையை இருட்டாக்கி, முழுத்திரையும் கறுப்பாக ஒரு படம் வைத்து, ஐந்து நிமிஷம் கண் பழகட்டும். மூலைகளில் திட்டுத் திட்டாக வெளிச்சம் ஒழுகுகிறதா, அணையாத புள்ளி எங்காவது நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் முழு வெள்ளை வைத்துச் செத்த புள்ளிகளைத் தேடுங்கள். மாற்றித் தரும் கெடு பெரும்பாலும் சில நாட்கள்தான், பெட்டியையும் அதன் தெர்மோகோலையும் அதுவரை பரணில் ஏற்றி வைத்திருங்கள்.